மண்பிள்ளை மரம்

ஒலிபெருக்கி தன் பெயரைச் சொன்னபோது எல்பிதியா பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று பூ அறுத்துக்கொண்டிருந்தாள். சங்கு போலச் சுருண்ட வெள்ளைப் பூ. காம்பு ஒடியக் கூடாது, பூவில் விரல் படக் கூடாது, பட்ட இடம் மதியத்துக்குள் பழுத்துவிடும். செவ்வாய்க்கிழமை பால் வண்டி கீழே டவுனுக்குப் போகும்போது பத்துக் கட்டு ஏற்றியாக வேண்டும். ஆறு கட்டுதான் ஆகியிருந்தது.

"எல்பிதியா மோரா! எல்பிதியா மோரா! உனக்கு வடக்கேயிருந்து போன். பத்து நிமிசத்துல திரும்பக் கூப்புடுவாராம். கைவேலையப் போட்டுட்டு ஓடியா!"

ஓயமெல்கோ ஊருக்கு மொத்தம் ஒரே தொலைபேசி. அது இருப்பது மளிகைக் கடையில். கடைக்காரி வெறுமனே "போன்" என்று சொல்லியிருக்கலாம். வடக்கேயிருந்து என்று சேர்த்துச் சொன்னது எல்பிதியாவுக்காக அல்ல, ஊருக்காக. எல்பிதியா கடைக்குள் நுழையும்போது அங்கே ஏழெட்டுப் பேருக்குத் திடீரென்று உப்பும் தீப்பெட்டியும் தேவைப்பட்டிருந்தன.

பாவாடை முட்டி வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. போன் பேசுகிற மரக்கூண்டுக்குக் கதவு உண்டு, ஆனால் சாத்தாது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். மணி அடித்தது.

"எல்பியா?"

பத்து வருஷம். அந்தக் குரல் மறந்துபோய்விடுமோ என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள். முகத்துக்காவது கல்யாணப் படம் இருக்கிறது, குரலுக்கு என்ன இருக்கிறது? ஆனால் பாதிப் பெயரிலேயே அவன்தான் என்று தெரிந்துவிட்டது.

"நான்தான்."

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீ எங்க இருக்க ரோகே? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. இங்க பாரு எல்பி, போன் கார்டு தீந்துரும், நேராச் சொல்லிர்றேன். எனக்கு இங்க குடும்பம் ஆயிருச்சு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக. பெரியவளுக்கு ஏழு வயசு. நீ எனக்காகக் காத்துக் கெடக்க வேணாம்."

"சரி."

"கோவமா?"

"அங்க மழை உண்டா?"

"என்னது?"

"மழை உண்டான்னு கேட்டேன்."

"நான் கோழி உரிக்கிற கம்பெனில இருக்கேன். விடியறதுக்கு முந்தி உள்ள போனா பொழுது சாஞ்சுதான் வெளிய வாரேன். மழையெல்லாம் தெரியாது."

அவள் வேறு என்னவோ கேட்க வாயெடுப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

கடைக்காரி ஆவல் தாங்காமல், "நல்ல சேதியா எல்பி?" என்றாள்.

"கொரல் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எல்பிதியா பள்ளத்துக்குத் திரும்பி, மிச்சம் நாலு கட்டையும் அறுத்து முடித்தாள். பத்துக் கட்டையும் எண்ணிப் பால் வண்டியில் ஏற்றினாள்.

புருஷன் ரோகே வடக்கே அடுத்த நாட்டுக்குப் பிழைக்கப் போன முதல் வருஷம் கடிதமும் வரவில்லை, சேதியும் வரவில்லை. எல்லை தாண்டும்போது பாலைவனத்தில் செத்தவர்களின் கதை மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் எல்பிதியா கோயிலுக்குப் போய்ப் பர்த்தலமேயார் முன்னால் நின்றாள். ஓயமெல்கோவின் பர்த்தலமேயார் ஒரு கையில் கத்தி வைத்திருப்பார். மறு கையில், சத்துருக்கள் உயிரோடு உரித்தெடுத்த தன் தோலையே துவைத்த சட்டையைப் போலத் தொங்கவிட்டிருப்பார். 'அவன் குரலை ஒரு தடவை என் காதில் போடு, உன் வளைவின் நட்சத்திரத்துக்கு என் மரத்துத் தாழை நூறு தருகிறேன்' என்று நேர்ந்துகொண்டாள். கேட்டதுதான் கேட்டாள், ஆளையே கேட்டிருக்கக் கூடாதா என்று ஊரில் சிரித்தார்கள். அவளுக்குக் கூச்சம். கடவுளிடமானாலும் அளவாகத்தான் கேட்பாள்.

திருவிழாவுக்குக் கோயில் வாசலில் பனைமர உயரத்துக்கு வளைவு நிற்கும். பைன் கம்பில் சட்டம் கட்டி, பூவும் இலையுமாக நிரப்பி, உச்சி நடுவில் ஒரு நட்சத்திரம் வைப்பார்கள். நட்சத்திரம் மரத்தாழையில்தான் செய்ய வேண்டும். பார்க்க அன்னாசிச் செடி மாதிரி இருக்கும், ஆனால் மண்ணில் வேர் விடாது. கிழட்டுக் கருவாலி மரங்களின் கிளையில் உட்கார்ந்து, மூடுபனியைக் குடித்தே வளரும். இலைகள் கூடுகிற அடிக்குழியில் எப்போதும் ஒரு குவளைத் தண்ணீர் நிற்கும். நடுவிலிருந்து சிவப்பாய் ஒரு பூந்தண்டு கிளம்பும். ஒரு காலத்தில் ஊர்க் காடு முழுக்க மரத்தாழை. அந்தக் கருவாலிகள் எல்லாம் கரியாகிப் போய், இப்போது அங்கே உருளைக்கிழங்கு விளைகிறது. வளைவுக்கு ஆகிற அளவுக்குப் பெரிய தாழை எல்பிதியாவின் பள்ளத்து மரத்தில் மட்டும்தான் இருந்தது.

ஈரப் பாவாடையை அவிழ்த்துக் காயப்போடக்கூட நேரம் கொடுக்காமல் கொழுந்தன் ஹசிந்தோ வந்து நின்றான். இந்த வருஷம் வளைவுக்கு அவன்தான் தலைவன்.

"மதனி, சாமி கேக்க வச்சுட்டாரே!"

"வச்சுட்டாரு."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"கோழி உரிக்கிறாராம்."

ஹசிந்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினான். "மனசைத் தேத்திக்கங்க மதனி. ஒரு வகைக்கு நல்லதுதான். இனிமே நீங்க ரோட்டையே பாத்துட்டு இருக்க வேணாம்ல?"

"தாழைக்குத்தான வந்த? சுத்தி வளைக்காத."

"சாமிக்கு நேந்தது நீங்க. நான் வெறும் ஏணி தூக்குற ஆளு" என்று அவன் இளித்தான். "நூறுதான. உங்க மரத்துல முந்நூறுக்குக் கொறையாது."

"நூத்தி அறுவது. எண்ணி வச்சிருக்கேன்."

"எதுக்கு எண்ணுனீங்க?"

எதுக்கு என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

அந்தத் தாழைக்குழிகளில் மண்பிள்ளை குடியிருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். பல்லியின் சாயல், ஆனால் செதில் கிடையாது, வழவழவென்று ஈரத் தோல். முதுகில் தேன் நிறத்தில் ஒரு கோடு. மண்ணுக்குப் பிறந்த பிள்ளை என்று பழைய ஆட்கள் வைத்த பெயர். பெயர்தான் அழகு, கண்டால் எல்லோருக்கும் பயம். அதைத் தொட்ட பெண்ணுக்கு வயிறு தங்காது என்பார்கள். எல்பிதியாவுக்குப் பிள்ளை இல்லாததற்கு அவள் மாமியார் சாகிறவரை அதைத்தான் காரணம் சொன்னாள். தாழை அறுத்தால் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, அடிக்குழியில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் குலுக்கிய பிறகுதான் வளைவில் வைப்பார்கள். மண்பிள்ளை ஒன்றாவது கோயிலுக்குள் போய்விட்டால் அந்த வருஷம் ஊரில் கர்ப்பம் நிற்காது என்று நம்பிக்கை. உப்புப் பட்டால் மண்பிள்ளை நுரைத்துச் சுருண்டு செத்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து ஐந்து நாள் எல்பிதியா வீட்டில் தங்கினாள். ஏணி போட்டு ஏறி, பென்சிலால் தாழை இலையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். அவள் அதைச் சாலமாண்டர் என்றாள். இந்த வகைக்கு நுரையீரலே இல்லை, தோலால்தான் மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் மூச்சும் நின்றுவிடும் என்றாள். இந்த வகை இரண்டே பள்ளங்களில்தான் இருக்கிறதாம். மற்றப் பள்ளத்து மரங்களைப் போன வருஷம் வெட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண் போன பிறகு வீடு முன்னைவிடக் காலியாகத் தெரிந்தது. எல்பிதியா மதியச் சாப்பாடு முடிந்ததும் ரோகேயின் சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவாள். கண்ணாடியில் வெயிலைப் பிடித்துத் தாழைக்குழிக்குள் திருப்புவாள். உள்ளே இரண்டு கண் மினுங்கும். "இருக்கியா? சரி, இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தாழைக்குப் போவாள். முன்பெல்லாம் பள்ளத்துக்கு மத்தியானம் தவறாமல் மூடுபனி இறங்கும். இப்போது பனி மேலேயே நின்றுவிடுகிறது, கோடையில் வாரக்கணக்கில் இறங்குவதில்லை. அதனால் மார்ச், ஏப்ரலில் அவள் குடத்தில் தண்ணீர் ஏற்றி எட்டின தாழைக்கெல்லாம் ஊற்றுவாள். ஒருநாள் பேசாமல் இருந்தால்கூட அவளுக்கு என்னவோ போல் இருக்கும். பேச வேறு யார் இருக்கிறார்கள்?

"அறுத்துக்க ஹசிந்தோ" என்றாள் இப்போது. "நேந்தது நேந்ததுதான். ஆனா ஒண்ணு. உப்புப் போடுறதுக்கு முந்தி என்னையக் கூப்புடு. நான் ஒவ்வொண்ணாப் பாத்து, உள்ள இருக்கிறத எடுத்துர்றேன்."

"எதை எடுக்கப் போறீங்க?"

"கூப்புடுவியா மாட்டியா?"

"சரி மதனி, சரி. கூப்புடுறேன்."

சனிக்கிழமை காலையிலேயே ஆறு ஆட்கள் ஏணியும் கயிறுமாய்ப் பள்ளத்தில் இறங்கினார்கள். வளைவு கட்டுகிறவர்களுக்குத் தலைவன் வீட்டில்தான் சாப்பாடு, அதனால் பெண்கள் எல்லோரும் ஹசிந்தோ வீட்டு அடுக்களையில் கூடியிருந்தார்கள். எல்பிதியாவுக்கு அம்மி விழுந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த மக்காச்சோளத்தை அள்ளி வைத்து மூன்று தடவை இழுத்தரைக்க வேண்டும். பக்கத்தில் ஓரகத்தி அம்பாரோ மிளகாய் வற்றலை வறுத்துக்கொண்டிருந்தாள். காட்டம் தாங்காமல் எல்லோரும் மாறி மாறித் தும்மினார்கள். வெளியே தூறல், உள்ளே புகை. ஆகஸ்டு மாதத்தில் அந்த ஊரில் அடுப்படியை விட்டால் காய்ந்த இடம் கிடையாது.

அம்பாரோவுக்கு வாய் சும்மா இருக்காது. கெட்டவள் இல்லை, மனசில் எதையும் தங்கவிடத் தெரியாதவள்.

"அழுது தீத்துருங்கக்கா. உள்ளயே வச்சிருந்தா நெஞ்சு அடைச்சுக்கும்."

"மிளகாய் நெடியே போதும்டி, தனியா வேற அழுவணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். அம்பாரோவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"எங்க வீட்டு ஆளு பாவம், ஒரு மாசமாத் தூக்கமே இல்லக்கா. ஊர்க் காட்டுல தேடாத மரமில்ல. ஒரு தாழை கூட வளைவுக்குத் தேறல. எங்கப்பன் காலத்துல இருந்து நட்சத்திரம் இல்லாம வளைவு நின்னதில்ல, என் கையிலயா அது நடக்கணும்னு பொலம்பிக்கிட்டே இருந்தாரு. கடைசில ரோகே மச்சான் மனசு வச்சுக் கூப்புட்டதுனால ஆச்சு. இவரு அவ்வளவு கெஞ்சுனப்பறம்தான்..."

வாணலியில் மிளகாய் கருகியது. யாரும் கிளறவில்லை.

எல்பிதியா அம்மிக்குழவியை நிறுத்தவில்லை. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. பிறகு கேட்டாள்.

"யாரு கெஞ்சுனா?"

"ஒண்ணுமில்லக்கா. வாய் தவறி..."

"தவறுனது தவறிருச்சு. மிச்சத்தையும் சொல்லு. யாரு யாருகிட்ட கெஞ்சுனா?"

அம்பாரோ மற்றப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் குனிந்து வாழையிலையைத் துடைக்க ஆரம்பித்தார்கள். துடைத்த இலையையே திரும்பத் துடைத்தார்கள். அதைப் பார்த்தபோது எல்பிதியாவுக்குச் சங்கதி முழுக்க விளங்கிவிட்டது. ஊருக்கே தெரியும்.

"எத்தன வருசமாத் தெரியும்?"

"அவரு போன மறு வருசத்துல இருந்துக்கா" என்றாள் அம்பாரோ. குரல் கீழே போய்விட்டது. "கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கீழ டவுன் போனுக்குக் கூப்புடுவாரு. இவரு போயிப் பேசிட்டு வருவாரு. அங்க ஒருத்தி கூட இருக்கான்னு சொன்னாரு. ஒங்ககிட்ட எப்பிடிக்கா சொல்றது? நீங்க மெழுகுவத்தி ஏத்திட்டு இருந்தீங்க. ஒவ்வொரு தடவையும் உங்கள விசாரிப்பாரு, சத்தியமாக்கா. எல்பி எப்பிடி இருக்கான்னு கேக்காம வைக்க மாட்டாராம்."

"இந்த வருசம் மட்டும் எதுக்கு எங்கிட்டப் பேசுனான்?"

"நீங்க நேந்தது இவருக்கு ஞாபகம் வந்துச்சு. ஒரே ஒரு தடவ பேசிருண்ணே, அவளும் ஒரு வழிக்கு வருவா, சாமிக்கும் நட்சத்திரம் கெடைக்கும்னு... நல்லதுன்னு நெனச்சுத்தான்கா செஞ்சாரு."

எல்பிதியா கையிலிருந்த மாவை வழித்துப் போட்டுவிட்டு எழுந்தாள். அவளுக்கு ரோகே மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. கிறிஸ்மஸ்தோறும் இதே அடுக்களையில் இவர்களோடு உட்கார்ந்து வாழையிலையில் சோளமாவுத் தமால் மடித்தாளே, அவன் உயிரோடு இருக்கட்டும் என்று இவர்களையும் சேர்ந்து ஜெபிக்கச் சொன்னாளே, அதை நினைக்கத்தான் உடம்பு கூசியது. எல்லோரும் வாயைத் திறந்து ஆமென் சொன்னார்கள்.

முற்றத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தாழைகள் வந்து இறங்கியிருந்தன. நாற்பது இருக்கும். பாதிக்கு மேல் கவிழ்த்துக் குலுக்கி, உப்புப் போட்டு, சுவரோரமாய் அடுக்கியாகிவிட்டது. ஹசிந்தோ மடியில் உப்புப் பொட்டலத்தோடு கல்லில் உட்கார்ந்து இன்னொன்றைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். கொட்டிய தண்ணீர் மண்ணில் கறுப்பாய்ப் பரவியிருந்தது. அதில் மண்பிள்ளைகள் கிடந்தன. சில நுரைத்து வெள்ளையாகிவிட்டன. சில இன்னும் வாலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தன.

"கூப்புடுறேன்னியே" என்றாள்.

"மழை வலுத்துரும் போல மதனி. ஆளுகளும் பசியில நிக்கிறாங்க..."

"கூப்புடுறேன்னு சொன்னியே ஹசிந்தோ!"

அவள் அந்த ஊரில் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சட்டம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். எல்பிதியா குடத்தை எடுத்து மழைத் தொட்டியில் முக்கி, கீழே கிடந்தவற்றின் மேல் ஊற்றினாள். பிறகு கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து, உயிர் இருந்ததை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வாளியில் போட்டாள். அடுக்களை வாசலில் நின்ற பெண்கள் மூச்சை இழுத்தார்கள். கர்ப்பமாய் இருந்த ஒருத்தி உள்ளே ஓடிவிட்டாள்.

"மதனி, வெறுங்கையால தொடாதீங்க."

"தொட்டா என்ன ஆகும்? பிள்ளை பெறக்காதா? புருசன் ஓடிருவானா?"

இன்னொன்றைப் பொறுக்கி வாளியில் போட்டாள்.

"வருசா வருசம் அவங்கிட்டப் பேசியிருக்க."

ஹசிந்தோ உப்புப் பொட்டலத்தைக் கீழே வைத்தான். மனைவி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "சொல்ல வாய் வரல மதனி. மொத வருசமே சொல்லிருக்கணும். அப்பறம் வருசம் ஆக ஆக, ஏன் இத்தன நாளாச் சொல்லலன்னு கேப்பீங்களேன்னு அதுவும் சேந்துருச்சு."

"என் நேத்திக்கடன நீ வாங்கிட்ட. சாமி குடுக்க வேண்டியத நீ போன் போட்டுக் குடுத்துட்ட. அப்ப நூறு தாழையும் உனக்குத்தான் சேரணும். எடுத்து உன் தலையில வச்சுக்க, சாமி வாசலுக்குக் கொண்டு போவாத."

"அப்பிடிச் சொல்லாதீங்க. சாமிக்குன்னு அறுத்தது."

"எந்தச் சாமிக்கு? தோல உரிச்சுக் கையில குடுத்தாங்களே, அந்தச் சாமிக்கா? இதுகளுக்குத் தோலுதான் மூச்சுடா. தோலு போனவருக்கு உப்புப் பட்டா எப்பிடி எரியும்னு நீ சொல்லியா தெரியணும்? அவரு வாசல்ல இதைக் கட்டித் தொங்கவிட்டா அவரு கண்ணைத் தொறந்து பாப்பாரா?"

கிழவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு பேச்சை இதுவரை யாரும் அந்த முற்றத்தில் பேசியதில்லை, இது பாவமா நியாயமா என்று அவர்களுக்கே பிடிபடவில்லை. எல்பிதியா வாளியைத் தூக்கிக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தாள். வாளியில் உயிரோடு ஒன்பது இருந்தன. முற்றத்தில் விட்டுவந்ததை அவள் எண்ணவில்லை.

வீட்டில் ஒரு மண்பானையில் ஈரப்பாசி திணித்து அதில் அவற்றை விட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு கோயிலுக்குப் போனாள். கோபத்தில் ஹசிந்தோவிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். குரல் கேட்டது கேட்டதுதான். கேட்டதற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு உறக்கம் வராது. பர்த்தலமேயாரின் மணிக்கட்டில் பக்தர்கள் கட்டிய ரிப்பன்கள் கொத்தாய்த் தொங்கின. அதில் சிவப்பாய் ஒன்றை அவிழ்த்தாள்.

"நூறு தாழை சொன்னேன். முழு மரத்தையும் எடுத்துக்க" என்றாள். "ஆனா நின்ன எடத்துலயே வச்சுக்க."

அந்த ரிப்பனைக் கொண்டுவந்து கருவாலியின் அடிமரத்தில் கட்டினாள். சாமி கையில் இருந்த ரிப்பன் கட்டிய மரத்தில் கத்தி வைக்க ஓயமெல்கோவில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. திங்கட்கிழமை ஏணியோடு வந்த ஆட்கள் ரிப்பனைப் பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

திருவிழா அன்று வளைவு நின்றது. பூவெல்லாம் நிறைவாகத்தான் இருந்தது. உச்சி நடுவில் மட்டும் நட்சத்திரத்துக்கு விட்ட இடம் வெறுமையாய், அதன் வழியே மேகம் தெரிந்தது. உப்புப் போட்ட தாழைகளை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்களாம். எல்பிதியா சொன்ன வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்திருந்ததால் எடுத்து வைக்க ஒரு கை வரவில்லை. ஜனங்கள் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள், எல்பிதியாவின் ஓட்டை என்று. பர்த்தலமேயார் வாத்தியத்தோடும் வேட்டோடும் அந்த ஓட்டைக்குக் கீழே புகுந்து போனார். எல்பிதியா போகவில்லை. வேட்டுச் சத்தத்தை வீட்டில் இருந்தபடி கேட்டுக்கொண்டு, பானையில் பாசியை நனைத்தாள். அம்பாரோ வீட்டிலிருந்து யாரும் அவளுக்கு விருந்துச் சாப்பாடு கொண்டுவரவில்லை. காலையில் சுட்ட தோர்த்தியா ரொட்டியை அவரைக்காய்க் குழம்பில் நனைத்துச் சாப்பிட்டாள். இருபது வருஷமாய்த் திருவிழாவன்று அவள் தனியாய்ச் சாப்பிட்டதில்லை.

திருவிழா முடிந்த நாலாம் நாள் காலையில் கழுதையின் மணிச் சத்தம் கேட்டது. ஹசிந்தோ வந்திருந்தான், தனியாய். கழுதையின் இரண்டு பக்கமும் சாக்கு. ஒன்றுக்குள் தாழைகள் இருந்தன, உப்புப் படாத பதினைந்தும், உப்புப் போட்டதில் நாலைந்து தண்ணீர் மாற்றி அலசியதும். மற்றச் சாக்கில் கயிறு.

"தோட்டத்துத் தொட்டியில போட்டு வச்சிருந்தேன்" என்றான், அவளைப் பார்க்காமல். "கட்டுனாப் புடிக்குமான்னு தெரியல."

"பதினஞ்சுல பத்தாச்சும் புடிக்கும். அலசுனது சாவும்."

"எதுக்கும் கட்டி வைக்கிறேன்."

அவள் ஏணியை எடுத்துக் கொடுத்தாள். அவன் ரிப்பனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினான். அவள் கீழே நின்று ஒவ்வொரு தாழையாய்க் கயிற்றில் கட்டி அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் சிலவற்றின் குழியில் தண்ணீர் ஊற்றி, பானையிலிருந்து ஒரு மண்பிள்ளையை ஈரக் கையால் எடுத்து உள்ளே விட்டாள். ஒன்பதில் இரண்டு போய்விட்டன, ஏழு பாக்கி. பனி அன்று அபூர்வமாய்ப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் மேல் கிளைகள் மறைந்து, ஹசிந்தோவின் செருப்பு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. கயிறு இறங்கும், அவள் கட்டுவாள், கயிறு ஏறும்.

கடைசித் தாழையைக் கட்டும்போது அவள் கேட்டாள். அடுக்களையில் அம்பாரோ சொன்ன நாளிலிருந்து அந்தக் கேள்வி அவளுக்குள் இருந்தது.

"ஹசிந்தோ."

"சொல்லுங்க மதனி."

"வருசா வருசம் என்னைய விசாரிப்பான்னு அம்பாரோ சொன்னா. என்னன்னு கேப்பான்?"

மேலே கயிறு இழுபடுகிற சத்தம் நின்றது. முகம் தெரியாத இடத்தில் இருந்ததால்தான் அவனால் அதைச் சொல்ல முடிந்திருக்க வேண்டும்.

"கேக்க மாட்டாரு மதனி. ஒரு தடவ கூடக் கேட்டதில்ல. அம்பாரோகிட்ட நான்தான் அப்பிடிச் சொல்லி வச்சேன்."

எல்பிதியா கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தாள். ஒரு சுற்றுத் தளர்வாய் இருந்தது, அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அவள் கண்ணிலிருந்து இறங்கியதைத் துடைக்க அவளுக்குக் காய்ந்த கை இல்லை.

"இழு" என்றாள். "கவுக்காம இழு. இதுல ஒண்ணு இருக்கு."